மூணாவது குத்து

கையைக் கொஞ்சம் காட்டுங்கக்கா. அய்யோ, உள்ளங்கை இல்ல, ரேகை ஜோசியமெல்லாம் எனக்குத் தெரியாது. புறங்கையத் திருப்புங்க. அடேங்கப்பா! என்னா நரம்புக்கா இது! வெளக்க அணைச்சுட்டு ஊசி போடலாம் உங்களுக்கு. இந்தக் கையோட எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னா நீ முந்தி நான் முந்தின்னு ஓடி வருவாளுக எங்க புள்ளைக. வர வேணாம், வர வேணாம், நல்லா இருங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ல ஏறுனதுல இருந்து உங்க கையத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். முன் சீட்டுக் கம்பியப் புடிச்சிருந்தீங்களா, எடுப்பா தெரிஞ்சுச்சு. எனக்கு அதான் பொழப்பு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில எமர்ஜென்சி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். பேரு செல்வநாயகி. ஆனா அங்க வந்து செல்வநாயகி எங்கன்னு கேட்டா வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியாது. 'நரம்பு நாயகி'ன்னு கேளுங்க, லிஃப்ட் வரைக்கும் கூட்டியாந்து விட்டுட்டுப் போவாரு. பச்சப் புள்ளையா இருக்கட்டும், டயாலிசிஸ் பண்ணிப் பண்ணி நரம்பெல்லாம் உள்ள போன பெரியவரா இருக்கட்டும், டாக்டருங்க குத்திக் குத்திப் பாத்துட்டு கடைசியில 'நாயகிய வரச் சொல்லுங்க'ம்பாங்க. நான் போவேன். ஒரு தடவுதான் தடவுவேன். ஒரே குத்து. பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒருத்தருக்கும் ரெண்டாவது குத்து குத்துனதில்லக்கா. சத்தியமா.

அப்படியாப்பட்ட என் பேரை ஒரு மனுஷன் கெடுத்துப்புட்டாரு. அவரைப் பாக்கத்தான் இப்ப ஆண்டிபட்டிக்குப் போறேன். பாக்கன்னா பாக்க இல்ல. ஒரே ஒரு கேள்வி கேக்கணும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி. கேட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிருவேன்.

நீங்க எங்க எறங்குறீங்க? தேனியா? நல்லதாப் போச்சு. அப்ப பூராக் கதையும் சொல்லிரலாம்.

இன்னைக்கு எனக்கு வாய் நிக்காது, பொறுத்துக்கங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஒரு ரூமுக்குள்ள அடைச்சு வச்சிருந்து இப்பத்தான் வெளிய விட்டிருக்காங்க. பாக்குறதெல்லாம் அழகாத் தெரியுதுக்கா. ஆரப்பாளையத்துல பஸ்ஸுக்குள்ள ஏறி 'வெள்ளரி வெள்ளரி'ன்னு காதுக்குள்ள கத்துனானே ஒருத்தன், அவனக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. சில்லறை இல்லன்னு கண்டக்டர் வள்ளுன்னு விழுந்தாரு பாருங்க, அதுகூட சந்தோஷமாத்தான் இருந்துச்சு. திட்டுறதுக்கு மூஞ்சிக்கு நேரா ஒரு ஆளு நிக்குதே!

ஏன் அடைச்சு வச்சாங்களா? சொல்றேன். ஆனா தள்ளி உக்காரக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ ரத்தம் எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. காங்கோ காய்ச்சல். பாத்தீங்களா, பாத்தீங்களா, ஜன்னலோட ஒட்டிட்டீங்க! எனக்கு இல்லக்கா. காய்ச்சல் வந்த ஆளுக்கு நான் ஊசி போட்டேன், அம்புட்டுதான். இந்தாங்க, வெள்ளரிக்கா எடுத்துக்கங்க. வேணாமா? சரி, நானே சாப்பிடுறேன். மொளகாப்பொடி தூக்கலாப் போட்டுருக்கான் படுபாவி. அருமையா இருக்கு.

மொதல்ல அந்த மனுஷன் யாருன்னு சொல்லிர்றேன். பேரு தனுஷ்கோடி. அவரும் நர்ஸுதான். ஆம்பள நர்ஸை எங்க வேலையில 'பிரதர்'னு கூப்பிடுவோம், எங்களைச் 'சிஸ்டர்'ம்பாங்க. ஆக நாங்க ரெண்டு பேரும் பத்து வருஷமா பிரதர், சிஸ்டர்னு மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டே சண்டை போட்டவங்க. அவருக்கு வேலை என்னன்னா, ஒருத்தர் ஒடம்புல இருக்குற கிருமி இன்னொருத்தருக்குப் போகாமப் பாத்துக்கிறது. இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல்னு அதுக்குப் பேரு. கை கழுவுனீங்களா, க்ளவுஸ் போட்டீங்களா, ஊசிய டப்பாவுல போட்டீங்களான்னு பின்னாடியே வருவாரு. நாங்க 'சோப்பு பிரதர்'னு பேரு வச்சிருந்தோம். மாசாமாசம் கை கழுவுறதுக்கு வகுப்பு எடுப்பாரு. படிச்சுப் பட்டம் வாங்குனவங்களுக்குக் கை கழுவ வகுப்பு! உள்ளங்கை, புறங்கை, விரல் சந்து, கட்டவிரலத் தனியாத் திருகணும்... நாங்க பின் வரிசையில நின்னு இடுப்புல கிள்ளிக்கிட்டுச் சிரிப்போம். கழுவிக் கழுவியே அவரு கை ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். பனிக்காலத்துல ரத்தமே கசியும்.

அந்தக் கைய மொதத் தடவை பாத்தப்பவே எனக்குப் பிடிக்கல. நரம்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுக்கா. அம்புட்டும் ஆழத்துல. ஸ்டாஃபுக்கு வருஷாவருஷம் ரத்தம் டெஸ்ட் எடுப்பாங்க, அந்தாளு கைய மத்தவங்ககிட்ட விட்டுட்டு நான் காண்டீனுக்குப் போயிருவேன்.

கல்யாணமா? அவருக்கா? ஆகல. எனக்கா? எனக்கும்தான் ஆகல. ஏக்கா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கை சரியில்ல. பொண்ணு பாக்க வந்தவங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல, டம்ளர வாங்குற கையத்தான் பாப்பேன். ஒருத்தருக்கு நல்ல கை. ஆனா அவரு என் சம்பளத்தக் கேட்டாரு. எந்திரிச்சு டூட்டிக்குப் போயிட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கு? கதைக்கு வர்றேன்.

எனக்கும் பிரதருக்கும் சண்டையே க்ளவுஸாலதான். பாருங்க, நரம்பு கண்ணுக்குத் தெரியாதப்ப விரலாலதான் கண்டுபிடிக்கணும். அழுத்துனா பஞ்சு மாதிரி உள்ள போயி மேல வரும், அதான் நரம்பு. க்ளவுஸ் போட்டுக்கிட்டா அது தட்டுப்படாது. அதனால நாங்க என்ன செய்வோம்னா, ஆள்காட்டி விரல் நுனியில மட்டும் க்ளவுஸக் கிள்ளி எடுத்துருவோம். நான் மட்டும் இல்ல, கை தேர்ந்த நர்ஸு பாதிப் பேரு செய்யிறதுதான். பேருக்கு க்ளவுஸும் போட்டாச்சு, விரலுக்கு நரம்பும் கிடைச்சாச்சு. இது தனுஷ்கோடிக்கு ஆகாது. 'சிஸ்டர், கொடையில ஓட்டையப் போட்டுட்டுப் பிடிக்கிறீங்க'ம்பாரு. 'எனக்கு மழை வந்தாச் சொல்றேன் பிரதர்'ம்பேன். எங்க தலைமை நர்ஸு மேட்ரன்கிட்டப் போயிச் சொல்லுவாரு. மேட்ரனம்மா என்னையக் கூப்பிட்டுத் திட்டுவாங்க. திட்டி முடிச்சுட்டு, 'பதினாலாம் நம்பர் பெட்டுக்கு நரம்பு கிடைக்கலையாம், கொஞ்சம் போம்மா'ம்பாங்க.

இப்படிப் போயிட்டிருந்தப்பதான் மலைச்சாமின்னு ஒருத்தர் வந்து சேந்தாரு. ராமநாதபுரம் பக்கம். அரபு நாட்டுல ஆட்டுப் பண்ணையில வேலை பாத்துட்டு லீவுல வந்தவரு. வந்து எறங்குனதுமே காய்ச்சல், ஒடம்பு வலி, ஈறுல ரத்தம். பிரஷர் பாக்கக் கையில பட்டையச் சுத்துனா, சுத்துன எடமெல்லாம் கருநீலமாக் கன்னிப் போச்சு. நாங்க எல்லாரும் டெங்குன்னு நெனச்சோம். மதுரையில ஈறுல ரத்தம்னா வேற என்னத்த நெனைக்க? ஆட்டு உண்ணி கடிச்சு இப்படி ஒரு காய்ச்சல் வரும்னு யாரு கண்டா?

சின்ன டாக்டரம்மா ஒண்ணு, மெர்லின்னு பேரு, ரெண்டு தடவ குத்திப் பாத்துட்டு என்னையக் கூப்பிட்டுச்சு. நான் போனேன். க்ளவுஸப் போட்டேன், நுனியக் கிள்ளுனேன், தடவுனேன், குத்துனேன், ஏறிருச்சு. மலைச்சாமி, 'வலிக்கவே இல்லையே தாயி'ன்னாரு. அந்த ஒரு வார்த்தை போதும்க்கா எனக்கு, ரெண்டு நாளைக்குச் சோறு வேணாம். நான் ஊசிய உருவி ட்யூப மாட்டப் போற நேரத்துல அவருக்கு ஒரு இருமல் வந்துச்சு பாருங்க, கை ஒரு வெட்டு வெட்டுச்சு, ரத்தம் குபுக்குன்னு என் விரல் மேலயே வந்துருச்சு. க்ளவுஸ் இல்லாத விரலு. அதுலயும் அன்னைக்குக் காலையிலதான் மருந்துக் குப்பிய ஒடைக்கும்போது கண்ணாடி கீறி அந்த நுனியில ஒரு வெட்டு.

அந்த நேரம் பாத்து வாசல்ல தனுஷ்கோடி! 'சிஸ்டர்!'னு ஒரு சத்தம். வார்டே திரும்பிப் பாக்குது. வேக வேகமா வந்தாரு, என் கைய மணிக்கட்டோட புடிச்சாரு, தரதரன்னு குழாயடிக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. க்ளவுஸ அவரே உருவி எறிஞ்சாரு. சோப்பப் போட்டு என் விரலக் கழுவுறாரு, கழுவுறாரு, கழுவிக்கிட்டே இருக்காரு. நான் விரல அமுக்கி ரத்தத்த வெளிய எடுக்கப் பாத்தேன். 'அமுக்காதீங்க, அமுக்காதீங்க, அமுக்குனா உள்ள போகும்'னு சொல்லிச் சொல்லித் தண்ணிய ஊத்துறாரு. எனக்கு அவமானமாப் போச்சு. பேஷண்டு பாக்குறாரு, ஆயாம்மா பாக்குது, டாக்டரம்மா பாக்குது. பச்சப்புள்ளைக்குக் கழுவி விடுற மாதிரி!

அப்பத்தான் ஒண்ணக் கவனிச்சேன். அவரு கையில க்ளவுஸ் இல்ல.

இல்லக்கா! வெறுங்கை! வெடிச்சுப் போன அந்தக் கையோட என் கையில இருக்குற ரத்தத்தக் கழுவுறாரு. ஊரு உலகத்துக்கெல்லாம் வகுப்பு எடுக்குற மனுஷன்! 'பிரதர், க்ளவுஸ் எங்க?'ன்னு நல்லா நக்கலா ஒரு கேள்வி கேட்டேன். அவரு காதுல விழவே இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குதூகலம். பத்து வருஷத்துல மொதத் தடவையா மாட்டுனாரு. மேட்ரன்கிட்டப் போயி நானும் ஒரு தடவ சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேன்.

சொல்ல நேரமில்ல. மலைச்சாமி ரத்தத்தப் புனாவுல இருக்குற பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தாங்க. அங்க இருந்து காங்கோன்னு பதில் வந்துருச்சு. அவ்வளவுதான், ஆஸ்பத்திரி ஒரே அல்லோலகல்லோலம். மலைச்சாமியத் தொட்டவங்க யாரு, பக்கத்துல நின்னவங்க யாருன்னு எல்லாரையும் பிரிச்சாங்க. கிட்ட நின்னவங்களை வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க. ஒழுங்கா க்ளவுஸ் போட்டிருந்த டாக்டரம்மாவ மட்டும் தெனம் காய்ச்சல் பாத்துக்கிட்டு வேலை செய்யச் சொன்னாங்க. ரத்தம் நேரா மேல பட்டது ரெண்டே பேருக்குத்தான். நான், அப்புறம் சோப்பு பிரதர்.

மலைச்சாமி போயிட்டாருக்கா. எங்க ரெண்டு பேரையும் மேல் மாடியில தனியா அடைச்ச மறுநாளே. அவரு பொஞ்சாதிய உள்ள விடவே முடியல, பையில சுத்திக் கொண்டு போயிட்டாங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன், அந்தம்மா ஆம்புலன்ஸுக்குப் பின்னாடியே கேட் வரைக்கும் ஓடுச்சு. வலிக்கவே இல்லைன்னு சொன்ன மனுஷன்.

சரி. அத விடுங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

அங்க எதிரெதிர் ரூமு எங்களுக்கு. நடுவுல வராந்தா. ரெண்டு ரூமுக்கும் கண்ணாடிக் கதவு. காலையில கண்ணத் தொறந்தா எதுர்ல தனுஷ்கோடி. ராத்திரி கண்ண மூடுனா, மூடுறதுக்கு முன்னாடி தனுஷ்கோடி. என்ன கொடுமை பாருங்க! விண்வெளிக்குப் போற மாதிரி ட்ரெஸ் போட்டுக்கிட்டு எங்க புள்ளைகளே வந்து காய்ச்சல் பாக்கும், மாத்திரை குடுக்கும். மாத்திரையா அது, கடலை உருண்டை தண்டி. முழுங்குனா வயித்தப் பெரட்டும். அது போதாதுன்னு இந்தாளு வேற எதிர் ரூமுல இருந்து போன் அடிப்பாரு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. 'சிஸ்டர், டெம்பரேச்சர் எவ்வளவு?' நீங்களே கைதி, இதுல எனக்கு வார்டனா? ஒரு நாள் கடுப்புல 'நூத்தி நாலு'ன்னு சொல்லிட்டேன்.

அய்யோக்கா, நீங்க பாத்திருக்கணும்! போனக் கட்டில்ல போட்டாரு, ஓடி வந்தாரு, அந்தக் கண்ணாடிக் கதவு பூட்டியிருக்குறது மறந்து போயி நெத்திய முட்டிக்கிட்டாரு. 'நங்'குன்னு சத்தம். கதவத் தட்டுறாரு, ஆளக் கூப்பிடுறாரு, டாக்டரம்மா பேரச் சொல்லிக் கத்துறாரு. நான் இங்க கட்டில்ல உருண்டு உருண்டு சிரிக்கிறேன். சும்மா சொன்னேன்னு தெரிஞ்சதும் அவரு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டுச் சொவத்தப் பாக்கத் திரும்பி உக்காந்துட்டாரு. ஒரு நாள் பூரா பேசல. சாயங்காலப் போனும் வரல. ரூமு என்னமோ பெருசாப் போன மாதிரி இருந்துச்சு எனக்கு. மறுநாள் நானே போனப் போட்டு, 'தொண்ணூத்தெட்டு பிரதர், சாமி சத்தியமா'ன்னேன். 'சரி சிஸ்டர்'னாரு. பெறகு பழையபடி ஆயிருச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன குடுத்தாங்கன்னு அவரும் சொல்லுவாரு, நானும் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் அதே இட்லிதான். ஆனாலும் சொல்லிக்குவோம்.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? ஜன்னல்லயே வாங்கலாம். நான் தொட்டுக் குடுக்க மாட்டேன், நீங்களே வாங்கிக்கங்க. என்னக்கா, சிரிச்சுட்டீங்க! சிரிச்சுட்டா பயம் போச்சுன்னு அர்த்தம்.

எங்க விட்டேன்? ஆங். ஒரு நாள் காலையில போன் வரல. இந்தத் தடவை நான் சண்டை ஒண்ணும் போடல. எதுர்ல பாத்தா போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திப் படுத்திருக்காரு. நான் அடிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தாரு. 'சிஸ்டர், எனக்கு நூத்தி மூணு'ன்னாரு. வெளையாடாதீங்கன்னேன். 'நான் பொய் சொல்ல மாட்டேன்ல சிஸ்டர்'னாரு.

எனக்கு அப்பிடி ஒரு கோபம் வந்துச்சுக்கா. அப்பிடி ஒரு கோபம்! விரல வெட்டிக்கிட்டது நானு, க்ளவுஸக் கிழிச்சது நானு, ரத்தம் பட்டது எனக்கு. காய்ச்சல் இவருக்கு வருது! சோப்புப் போட்டே வெடிச்ச அந்தக் கை வழியாத்தான் உள்ள போயிருக்கும்னு டாக்டருங்க சொன்னாங்க. ஒழுங்கா க்ளவுஸப் போட்டுக்கிட்டு வந்து கழுவியிருந்தா இவருக்கு என்ன கொறஞ்சு போயிரும்? பத்து செகண்டு. அந்தப் பத்து செகண்டு என் விரல் எங்க ஓடிப் போயிரப் போகுது?

ரெண்டு நாள்ல ஆளு வாடிப் போயிட்டாரு. வாந்தி. தண்ணி உள்ள நிக்கல. மொதல்ல ஊசி ஏத்துன எடம் வீங்கி, அத எடுத்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் மெர்லின் டாக்டரம்மா உள்ள போயி வேற நரம்பு தேடுது. நான் இங்க கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டுப் பாக்குறேன். தேடுது, தேடுது, கெடைக்கல. வேற ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் கெடைக்கல. ட்ரெஸ்ஸு அப்பிடி, கண்ணாடி அப்பிடி, க்ளவுஸு ரெண்டு, அதுக்கு மேல அந்தாளோட நரம்பு! எனக்குத் தெரியுமே அந்தக் கை. கதவத் தட்டுனேன். 'நான் போறேன்'னேன். முடியாதுன்னாங்க. நீங்களே கண்காணிப்புல இருக்கீங்கன்னாங்க. 'எனக்குப் பட வேண்டியது எல்லாம் பட்டாச்சு டாக்டர், புதுசா என்ன படப் போகுது? பாட்டில் ஏறலைன்னா அந்தாளு...'ன்னேன். டாக்டரம்மா பெரிய டாக்டருக்குப் போனப் போட்டுச்சு. என் இஷ்டம்னா மட்டும்னு சொல்லி விட்டாங்க.

உள்ள போனேன். ட்ரெஸ்ஸு, பூட்ஸு, கண்ணாடி, ரெண்டு க்ளவுஸு. கையத் தொட்டா நெருப்பு. சட்டுன்னு தடவுனேன், குத்துனேன். இல்ல. நரம்பு வழுக்கிருச்சு.

இன்னொரு எடம் பாத்துக் குத்துனேன். அதுவும் இல்ல.

பதினஞ்சு வருஷம்க்கா! ரெண்டு குத்து! ரெண்டும் பொய்யாப் போச்சு! எனக்கு வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது. கண்ணாடி பூரா ஆவி. என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல, இடது கை தன்னால வந்து வலது விரல் நுனியக் கிள்ளப் போயிருச்சு. பழக்கம். அப்பப் பாத்து அந்தாளு கண்ணத் தொறந்தாரு. நெனவே சரியா இல்ல. மலங்க மலங்க முழிக்கிறாரு. ஒதட்டுல ரத்தம் ஒட்டியிருக்கு. 'கிழிக்காதீங்க சிஸ்டர்'னாரு.

கிழிக்கலக்கா. கண்ண மூடிக்கிட்டேன். எப்பிடியும் ஒண்ணும் தெரியல, தொறந்து வச்சு என்ன செய்ய? கட்டவிரல் பக்கமா மணிக்கட்டுக்கு மேல மெதுவா மெதுவாத் தடவிக்கிட்டே போனேன். ரெண்டு க்ளவுஸுக்கு அங்கிட்டு எங்கயோ அமுங்கி மேல வந்துச்சு ஒண்ணு. குத்துனேன். கண்ணத் தொறந்து பாத்தா ஊசியோட வால்ல ரத்தம் எட்டிப் பாக்குது, ஏறிருச்சு. மூணாவது குத்து. பிளாஸ்திரியப் போட்டு ஒட்டுனேன், ஒண்ணுக்கு மேல ஒண்ணா அம்புட்டு பிளாஸ்திரி. டாக்டரம்மா, 'போதும் சிஸ்டர், போதும்'னுச்சு.

கை நடுங்குச்சாவா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க! எனக்கு நடுங்குறதாவது. க்ளவுஸு ரெண்டுக்கா, சொன்னேன்ல. அவரு நரம்பு சரியில்ல. அவ்வளவுதான் விசயம். நல்ல நரம்பா இருந்தா ஒரே குத்துல ஏத்தியிருப்பேன். என் ரெக்கார்டு போச்சு அந்தாளால. மத்தபடி நடுக்கமெல்லாம்... பயமா இருந்துச்சு, அது வேற. பயந்தான். பொய் சொல்லக் கூடாதுல்ல. இந்தாளு செத்துப் போயிட்டா நான் யாரு கூடச் சண்டை போடுறதுன்னு இருந்துச்சு. ரூமுக்கு வந்து ட்ரெஸ்ஸக் கழட்டிக் குடுத்துட்டு, ஒக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். ரெக்கார்டு போன துக்கம்.

பொழைச்சுக்கிட்டாருக்கா. பாட்டில் ஏற ஏற காய்ச்சல் எறங்குச்சு. ரத்தம் நின்னுச்சு. ஒரு வாரத்துல கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து மொத வேலையா என் ரூமுக்குப் போனப் போட்டு, 'சிஸ்டர், டெம்பரேச்சர் எவ்வளவு?'ன்னாரு. நான் 'பைத்தியமா நீங்க?'ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன். வச்சுட்டுத் திரும்ப நானே போட்டு, தொண்ணூத்தெட்டுன்னேன். அப்புறம் அவருக்கும் டெஸ்டுல ஒண்ணுமில்லன்னு வந்ததும் ஆண்டிபட்டியில அவரோட அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஒடம்பு தேறுறதுக்கு. நான் வேலையில திரும்பச் சேர இன்னும் நாலு நாளு இருக்கு. அதான் கெளம்பிட்டேன்.

இதுவா? பை கனமாத்தான் இருக்கும். மாதுளம்பழம். ஆரப்பாளையத்துல வெல மலிவா இருந்துச்சு. சத்து மாவு. வீட்டுல சும்மா கெடந்துச்சு. இது கைக்குத் தடவுற க்ரீமு, வெடிப்புக்கு நல்லது. சேலையா? பழைய சேலைக்கா இது. இஸ்திரி போட்டா எல்லாச் சேலையும் புதுசாத்தான் தெரியும். பூவு பஸ் ஸ்டாண்டுல ஒரு பாட்டிம்மா ரொம்பக் கெஞ்சுச்சு, வாங்கிட்டேன். நீங்க என்னக்கா சிபிஐ மாதிரிக் கேக்குறீங்க?

நான் போறது கேள்வி கேக்க. அம்புட்டுதான். ஏன் க்ளவுஸ் போடல? இதான் கேள்வி. நானும் அந்த ரூமுக்குள்ள ஒக்காந்து ரோசிச்சு ரோசிச்சுப் பாத்துட்டேன். க்ளவுஸ் தீந்து போச்சோன்னு பாத்தா, இல்ல, டப்பா அந்தக் குழாய்க்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்கு. மாட்டுனதே அவருதான். என்னைய மேட்ரன்கிட்ட மாட்டி விடுற அவசரமா இருக்கும்னு நெனச்சேன். ஆனா மேட்ரனம்மாவக் கேட்டா, பிரதர் ஒண்ணும் சொல்லலையேங்கிறாங்க. அப்ப எதுக்கு? தெரியாத ஆளு செஞ்சா சரி. எல்லாம் தெரிஞ்ச ஆளு, சாகக் கெடக்குறப்ப கூட 'கிழிக்காதீங்க'ன்னு சொன்ன ஆளு, அன்னைக்கு மட்டும் ஏன்? அது தெரியாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. செத்திருப்பாரேக்கா!

எதுக்குக்கா அப்பிடிப் பாக்குறீங்க? சொல்ல வந்ததச் சொல்லுங்க. ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லன்னா எதுக்குச் சிரிக்கிறீங்க?

இருங்க, போன் அடிக்குது. கணவாய் ஏறுனப்ப டவர் இல்ல, இப்ப வந்துருச்சு. அவருதான்.

ஹலோ. ம், கணவாய் எறங்கிட்டோம், இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன். டெம்பரேச்சரா? பஸ்ல எப்பிடிப் பாக்குறது? காலையில பாத்தேன், தொண்ணூத்தெட்டு. நீங்க சாப்பிட்டீங்களா? என்னது? பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்களா? உங்களை யாரு எந்திரிச்சு வரச் சொன்னது? வெயில் மண்டையப் பொளக்குது, ஒரு கடையில உக்காருங்க மொதல்ல. உக்காந்துட்டீங்களா? ம்.

பிரதர், ஒரு நிமிஷம். வீட்டுக்கு வந்து கேக்கணும்னு இருந்தேன், மனசு பொறுக்கல, இப்பவே கேட்டுர்றேன். அன்னைக்கு டப்பா பக்கத்துலதான இருந்துச்சு? ஏன் நீங்க க்ளவுஸ் போடல?

ஹலோ? கேக்குதா?

ம்.

ம்.

சரி. வச்சுர்றேன்.

என்ன சொன்னாரா? இருங்கக்கா. கொஞ்சம் இருங்க.

மறந்துட்டாராம். 'உங்க விரல்ல ரத்தத்தப் பாத்தேன், க்ளவுஸ்னு ஒண்ணு ஒலகத்துல இருக்குறதே மறந்து போச்சு'ங்கிறாரு. சோப்பு பிரதர்க்கா! பத்து வருஷமா அத ஒண்ணைத் தவிர வேற எதையும் பேசாத மனுஷன்! அவரு மறந்துட்டாராம்!

நடுங்குச்சுக்கா. அன்னைக்கு. ரெண்டு குத்தும் அதனாலதான் தவறுச்சு. அவரு நரம்பு மேல ஒரு குத்தமும் இல்ல. அய்யோ, நான் எதுக்கு இப்ப அழுறேன், சிரிக்கிறேன், ரெண்டும் சேந்து வருது. எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருக்குக்கா.

ஆண்டிபட்டியா? கண்டக்டர், எறங்கணும், நிறுத்துங்க! பைய கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா. அந்தா நிக்கிறாரு பாருங்க, டீக்கடை ஓரமா, கட்டம் போட்ட சட்டை. எப்பிடி எளைச்சுப் போயிட்டாரு! உக்காருங்கன்னு சொன்னேன், எந்திரிச்சு நிக்கிறாரு பாருங்க.

ஏக்கா, ஒரே ஒரு கேள்வின்னு கெளம்பி வந்தேன். அதையும் பஸ்ஸுலயே கேட்டு முடிச்சுட்டேன். இப்ப எறங்கிப் போயி நான் என்னத்தப் பேசுறது?